வெள்ளரிக்காய்க் குதிரை

பாரிசின் லா ஷப்பலில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துத் தம்பிக்குக் கதை கேட்கும் பைத்தியம் உண்டு. யார் எங்கே போய்விட்டு வந்தாலும் கடையில் நின்று முழுவதையும் சொல்லியாக வேண்டும். அதுவரை கறிவேப்பிலையைப் பையில் போட மாட்டார். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராததால் அவரால் பக்கத்திலிருக்கும் பெல்ஜியத்துக்குக்கூடப் போக முடியாது. அதனால் எங்கள் கால்களை வைத்து அவர் ஊர் சுற்றினார்.

நாங்கள் ஜப்பானுக்குப் போவதற்கு முந்தைய குளிர்காலத்தில், யாழ்ப்பாணத்தில் அவருடைய அம்மா இறந்துபோனார். தம்பி அவருக்கு ஒரே பிள்ளை. அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. போய்ச் சேர்வதே சந்தேகம், போனால் திரும்பி வரவும் முடியாது. கொள்ளி வைத்தது பெரியப்பா மகனாம். செய்தி வந்த மறுநாளே தம்பி கடையைத் திறந்துவிட்டார். நான் துக்கம் விசாரிக்கப் போனேன்.

“ஓம் அக்கா. வெங்காயம் நல்லதா வந்திருக்கு, எடுங்கோ” என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மா என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்கவில்லை. படம்கூட மாட்டவில்லை. அந்த மனிதர் அழுதாரா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. சிரித்துச் சிரித்து வியாபாரம் செய்யும் அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கேள்வி நாக்கு நுனிவரை வரும். வாயைத் திறந்து கேட்கத்தான் தைரியமில்லை.

என் வீட்டுக்காரர் அந்த ஆண்டு தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றார். எங்கள் பாண்டிச்சேரிக்காரர்கள் ரெத்ரெத் என்கிற ஓய்வூதியம் வாங்கியதும் ஊரில் மாடி வீடு கட்டுவார்கள். இவருக்கோ ஜப்பான் போக வேண்டுமாம். வாழ்நாளெல்லாம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்ததில் ஜப்பான் தபால் தலைகளின் மேல் அப்படி ஒரு மோகம். ரூ லூயி-பிளாங்க் தெருவில் எங்களுக்கு வழக்கமாக டிக்கெட் போடும் முகவர், “ஜப்பானா? மெட்ராஸ் வழியாவா?” என்று கேட்டார். பிறகு ஹாங்காங்கில் கப்பல் ஏறி, ஜப்பானின் சின்னச் சின்னத் துறைமுகங்களில் இறங்கிப் பார்க்கும் ஒரு பயணத்தை எப்படியோ பிடித்துக் கொடுத்தார்.

புறப்படும் முன் தம்பியிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்டும் வேண்டாம் அக்கா. வடிவாப் பாத்து வந்து கதையைச் சொல்லுங்கோ, அதுவே காணும்.”

அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் நான் ஒவ்வொரு துறைமுகத்திலும் என் வீட்டுக்காரரோடு மல்லுக்கு நின்றேன். கரையில் இறங்கியதும் இரண்டு பேருந்துகள் நிற்கும். ஒன்று கடைத்தெருவுக்கு. மற்றது கோயில், பழங்கதை, ஊர் வழக்கம் என்று சுற்றிக் காட்டுவது. அவருக்கு ரேடியோ வாங்க வேண்டும். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து இரண்டாவது பேருந்தில் ஏற்றுவேன். ஏறும்வரை முணுமுணுப்பார். ஏறிவிட்டால் முதல் வரிசையில் உட்கார்ந்து வழிகாட்டியைக் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார்.

ஓர் ஊரில் ஆற்றோரம் நிறுத்தி, தண்ணீரில் வாழும் குட்டிப் பூதத்தின் கதையைச் சொன்னார்கள். அதன் உச்சந்தலையில் ஒரு குழி, குழியில் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் அதன் பலம். பூதத்துக்கு மரியாதை மிகவும் அதிகம் என்பதால் நாம் குனிந்து வணங்கினால் அதுவும் குனியும். தண்ணீர் கொட்டிவிடும், நாம் தப்பித்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் அன்று மாலை கப்பலில் எல்லோரையும் குனிந்து வணங்கிக்கொண்டே திரிந்தார், தலைமைச் சமையல்காரரையும் விடவில்லை.

அடுத்த ஊரில்தான் நான் எங்கள் மானத்தை வாங்கினேன். ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள். மீன் வாசனை வீசும் சின்ன ஊர். உள்ளூர்க்காரர் வீட்டில் தேநீர் என்று எங்களில் சிலரை அழைத்துப் போனார்கள். வீட்டில் ஒரு அம்மாள் மட்டும்தான், என் வயதுதான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், கூடத்தில் படி படியாகத் துணி விரித்து, விளக்கு ஏற்றி, பூவும் பழமும் தின்பண்டமும் அடுக்கியிருந்தது. மேலே ஒரு பெரியவரின் படம். கீழ்ப்படியில் ஒரு வெள்ளரிக்காய்க்கும் ஒரு கத்தரிக்காய்க்கும் குச்சியால் கால் வைத்து நிறுத்தியிருந்தார்கள்.

கொலுவேதான்! நவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. இவர்கள் பஞ்சாங்கத்தில் முன்னாடியே வரும்போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். படத்திலிருப்பவர் யாரோ தேசத் தலைவராக இருக்கும், நம் வீட்டுக் கொலுவிலும் தலைவர் பொம்மை வைப்பதுண்டே. கொலுவுக்கு அழைத்த வீட்டில் பாடாமல் வந்தால் மரியாதையா? அந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தொண்டையைச் செருமி, சின்ன வயதில் பாடிய கும்மிப் பாட்டு ஒன்றைக் கைதட்டித் தட்டிப் பாடினேன். கப்பலில் கூட வந்த பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் காதோரம் குனிந்து, “பாட்டு ஆச்சு, சுண்டல் எங்கம்மா?” என்றார்.

வழிகாட்டிப் பெண்ணின் முகம் வெளுத்துப் போயிருந்தது. மெல்லிய குரலில் பிரெஞ்சில் விளக்கினாள். இறந்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் நாட்கள் இவை. படத்தில் இருப்பவர் இந்த அம்மாளின் கணவர். அவர் சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்பதற்காக வெள்ளரிக்காய்க் குதிரை. திரும்பும்போது மனசில்லாமல் மெதுவாகப் போக வேண்டும் என்பதற்காகக் கத்தரிக்காய் மாடு.

எனக்கு உயிரே போய்விட்டது. துக்க வீட்டில் கும்மியடித்த பாவி நான் ஒருத்திதான் இருப்பேன். அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தமிழிலும் பிரெஞ்சிலும் மாற்றி மாற்றி மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. வழிகாட்டியிடம் ஏதோ சொன்னார். அவள் முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

“கணவருக்குச் சத்தமும் ஆட்டமும்தான் பிடிக்குமாம். இந்த அமைதியான வீட்டுக்கு எப்படி வரப்போகிறாரோ என்று காலையிலிருந்து இந்த அம்மாள் கவலையாக இருந்தாராம். இன்னொரு தடவை பாடுவீர்களா என்று கேட்கிறார்.”

பாடினேன். இந்த முறை பாதியில் எனக்குக் குரல் உடைந்தது. அந்த அம்மாள் தாளம் தப்பாமல் தட்டினார். பிறகு மாவுருண்டைகளைக் குச்சியில் கோத்துத் தட்டில் கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் சுண்டல் வந்துவிட்ட திருப்தியோடு சாப்பிட்டார்.

பாரிசுக்குத் திரும்பிய மறுநாளே கடைக்குப் போனேன். தம்பி ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். பூதத்துக்குச் சிரித்தார். கும்மிக்கு அரிசி மூட்டையில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குதிரையையும் மாட்டையும் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

“குதிரை வாறதுக்கு. மாடு போறதுக்கு. அப்பிடியோ அக்கா?”

“ஆமா தம்பி.”

“எவ்வளவு தூரம் எண்டாலும் வருவினமாமோ?”

அதை நான் வழிகாட்டியிடம் கேட்கவில்லை. ஆனாலும் வருவார்களாம் என்று சொன்னேன். தம்பி கறிவேப்பிலையைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, வேறு யாருக்கோ பருப்பு நிறுக்கப் போய்விட்டார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று வீடு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் கத்தரிக்காய் வாங்கப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் ஊறுகாய்ப் போத்தல்களை ஒதுக்கிவிட்டு ஒரு படம் வைத்திருந்தார். நெற்றி நிறைய விபூதி பூசிய ஓர் அம்மா, தம்பியின் அதே மூக்கு. படத்துக்கு முன்னால் ஒரு வெள்ளரிக்காய். பாரிஸ் வெள்ளரிக்காய் முழ நீளம் இருக்கும், நாலு கால் தாங்குமா? ஆறு தீக்குச்சி செருகியிருந்தார். அப்படியும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது.

குதிரை மட்டும்தான் இருந்தது. மாட்டைக் காணோம். வாசலில் பெட்டி நிறையக் கத்தரிக்காய் பளபளத்துக்கொண்டு கிடந்தது.

“மாடு எங்க தம்பி?” என்று கேட்டேன்.

அவர் தராசைத் துடைத்தபடி நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

“அம்மா இப்பதான் வந்தவ, அக்கா. அதுக்குள்ள ஏன் மாடு?”

சொல்லிவிட்டு அழுதார். தராசின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, வாடிக்கையாளர்கள் நிற்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதார். நான் கல்லாவைச் சுற்றி உள்ளே போய், அந்த அழுகை முடியும்வரை முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அன்று கத்தரிக்காய்ப் பெட்டியில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.