மணப்பெண்ணுக்குப் பின்னால் விழுந்த ஃபோகஸ்

எனக்குச் சந்தேக புத்தி. சம்பளமே அதற்குத்தான் வாங்குகிறேன். கும்மிடிப்பூண்டியில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. வருகிற ஒவ்வொரு பாகத்தையும் இது சொத்தை என்று நினைத்துக்கொண்டுதான் கையில் எடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் அப்படி இருந்துவிட்டு, வீட்டுக்குள் நுழையும்போது அந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் விட எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் ஃபிட்டர். ஃபிலிம் கேமரா பைத்தியம். வைத்திருப்பது ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர். அதில் நாம் எட்டிப் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. ஜன்னலுக்குள் ஒரு ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று நம்பிக்கொள்ள வேண்டும். லென்ஸ் நிஜமாக எதைப் பார்த்தது என்று ஃபிலிம் கழுவி வரும்வரை யாருக்கும் தெரியாது. நம்பிக்கொள்ள வேண்டுமாம்! கேட்டபோதே எனக்குப் பிடிக்கவில்லை.

போன வருஷம் அதற்கு ஒரு டெலிஃபோட்டோ லென்ஸ் பார்சலில் வந்தது. ரஷ்யாவில் செய்தது. என்னைவிட வயதில் பெரியது. தூரத்தில் இருப்பவரைக் கிட்டத்தில் காட்டுமாம்.

"அவ்ளோ தூரத்துலருந்து யாரப் பாக்கணும் உங்களுக்கு?" என்றேன்.

"கொக்குடி. வயல்ல நிக்குதில்ல, கொக்கு."

கொக்காம். கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைச் சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டுத் துடைத்து மறுபடி மாட்டினார். ஒரு கொக்கையும் நான் பார்க்கவில்லை.

அப்புறம் அவருடைய கூட்டாளியின் மகளுக்குப் பொன்னேரியில் சர்ச் கல்யாணம் வந்தது. எனக்கு அன்று ஷிஃப்ட், போகவில்லை. பலிபீடத்துக்கிட்ட ஒரு கேமராவும் வரக்கூடாது என்று ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், இவர் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து அந்த நீள லென்ஸில் எடுத்தார். பத்து நாள் கழித்துச் சென்னை லேபிலிருந்து பிரிண்ட் வந்தது. கவரை நான்தான் பிரித்தேன். விடுவேனா?

மணப்பெண்ணின் முகம் புகை மாதிரி இருந்தது. அவள் தலையில் போட்ட வெள்ளை நெட்டைச் சரிசெய்துகொண்டு பின்னால் நின்ற பெண்ணோ கண்ணிமை மயிர் வரைக்கும் தெளிவு. ஒரு படம் இல்லை, பதினோரு படத்திலும் அவள்தான். அவளை எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். மணப்பெண்ணுக்குச் சித்தி முறை. புருஷன் தவறி நாலு வருஷமாகிறது. மாமியார் வீட்டில் மகளோடு இருக்கிறாள், பொன்னேரியிலிருந்து தினமும் என்னோடு கம்பெனி பஸ்ஸில் வருகிறவள்.

"இன்னா இது?"

"ஃபோகஸ் அவுட்டுடி."

"பதினோரு வாட்டியுமா?"

"சத்தியமா பொண்ணு மூஞ்சி மேலதான் வெச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று பழமொழி வேறு. சிரித்திருக்கக் கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஒரு படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சும்மா கேட்கத்தான் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். அவள் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்: "இன்னாம்மா, என் ஊட்டுக்காரரு உன்ன சூப்பரா புடிச்சிகிறாரு? கல்யாணப் பொண்ணக் காணோம், நீதான் தெரியற!"

படம் கை மாறிக் கை மாறிக் கடைசி சீட்டு வரைக்கும் போனது. "அக்கா, அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் அவள். "தெரியாதவரு பதினோரு படம் எடுப்பாரா?" என்று நான் கேட்டதும் பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. மத்தியானத்துக்குள் கேன்டீனில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து அவள் பஸ்ஸில் வரவில்லை, டிரெயினில் போகிறாள் என்றார்கள். குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இவரையும் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் அந்தச் சோதனையை வைத்தேன். "லென்ஸ்தான தப்பு? காட்டுங்க" என்றேன். மொட்டை மாடியில் ஏழு பவுடர் டப்பாக்களுக்கு நம்பர் எழுதி, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, டேப் வைத்து அளந்து ஓரடி இடைவெளியில் நிறுத்தினேன். இருபதடி தள்ளி நின்று மூன்றாவது டப்பாவுக்கு நானே திருகி, ஆறு தடவை நானே அமுக்கினேன். அவரை கேமராவைத் தொடவே விடவில்லை.

ஒரு வாரத்தில் லேபிலிருந்து போனுக்குப் படம் வந்தது. மூன்றாவது டப்பா புகை. ஐந்தாவது டப்பாவில் விலை ஸ்டிக்கரைக்கூடப் படிக்க முடிந்தது. ஆறு படமும் அப்படியே.

"அன்னிக்கு லென்ஸ பிரிச்சப்போ எதுனா மிஞ்சிச்சா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு ஸ்க்ரூ டப்பாவிலிருந்து ஒரு மெல்லிய வளையத்தை எடுத்தார், விசிட்டிங் கார்டு கனம்கூட இருக்காது. "ஃபிட்டர் பிரிச்சு மாட்னா ஒரு வாஷர் மிஞ்சத்தான் செய்யும்" என்றார். அவர்கள் ஷாப்பில் அது தினப்படி ஜோக். எங்கள் பம்பிலும் இதே போல் ஒரு வளையம் உண்டு, ஷிம் என்போம். அது இல்லாத பம்பை நான் தொட்ட உடனே தள்ளிவிடுவேன். அந்த வளையம் இல்லாமல் கண்ணாடி ஃபிலிமை நோக்கி இம்மி நகர்ந்துவிட்டது. சின்ன லென்ஸாக இருந்தால் தெரிந்திருக்காது. இந்த நீள லென்ஸில் ஜன்னல் மணப்பெண்ணைக் காட்ட, லென்ஸ் பின்னால் நின்றவளைப் பார்த்திருக்கிறது. ஐயோ, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்! உட்கார்ந்து அழுதேன். புருஷன் மேல் சந்தேகம் தீர்ந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அவளைப் பிடித்தேன். போனில் டப்பா படங்களைக் காட்டி, வளையத்தையும் காட்டி, கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கையை உருவிக்கொண்டாள்.

"எனக்கு இன்னாத்துக்குக்கா இதெல்லாம்? நான் ஒண்ணும் பண்லன்னு எனக்கு மொதல்லயே தெரியும். பாப்பாவ வுட்டுட்டு உங்கம்மா ஊட்டுக்குப் போய்க்கினே இருன்றாங்க எங்க மாமியா. அவங்களாண்ட வந்து சொல்லு."

காலையில் முதலில் பஸ்ஸில் எழுந்து நின்று சொன்னேன். "பாவம், ஊட்டுக்காரரு நல்லா சொல்லிக் குடுத்து அனுப்பிக்கிறாரு" என்று கடைசி சீட்டிலிருந்து ஒருத்தி சொல்ல, அன்று போலவே சிரித்தார்கள். அரை நாள் லீவு சொல்லி, வழியிலேயே இறங்கி அவள் மாமியார் வீட்டுக்குப் போனேன்.

அந்த அம்மா என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுக்கக் கேட்டார். வளையத்தை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அன்னிக்கு பஸ்ல சொன்னது நீதான?"

"நான்தாம்மா."

"அன்னிக்கு சந்தேகமா சொன்னியா, தெரிஞ்சிக்கினு சொன்னியா?"

"நல்லா தெரியும்னு நெனச்சுதாம்மா சொன்னேன்."

"இப்போ?"

"இப்போ நெஜமாவே தெரியும்மா."

"அதத்தான் அன்னிக்கும் சொன்ன" என்றார் அந்த அம்மா.

உள் அறையில் அவள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். கை நிற்கவில்லை.