வீட்டுக்குள் செருப்பு

என் மனைவியின் காலில் கண்ணாடி வளையல் துண்டு ஏறியது அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவே சிவப்புப் பொட்டுகள் கிடந்தன. "குங்குமம் கொட்டிருக்கு போல" என்று சொல்லி, அதன் மேலேயே நடந்து போய்ப் பாலை இறக்கினாள். வலியே இல்லை. சர்க்கரை நோய் அவள் பாதங்களின் உணர்வை எப்போதோ கொண்டு போய்விட்டிருந்தது.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹெல்த் சென்டரில் அப்போது ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த டாக்டர் மேடம், சென்டர் நர்ஸ், வீடு வீடாக வரும் சுகாதார ஊழியர் ஆஷா அக்கா, சந்துக்காரர்கள் சிலர் என்று எல்லோரும் சேர்ந்து செய்தது. சர்க்கரையும் பிபியும் உள்ளவர்கள் வீட்டில் எப்படி வாழ்கிறார்கள், எதை மாற்றினால் நோய் முற்றாது என்று எங்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். "நீங்க நோயாளிங்க மட்டும் இல்ல, எங்களோட சேர்ந்து ஆராய்ச்சி பண்றவங்க" என்றார் மேடம். ஆண்கள் யாரும் வராததால் என்னையும் குழுவில் சேர்த்தார்கள். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. பொம்மசந்திரா ஃபேக்டரியில் நான் பார்க்கும் பெட்டி கட்டும் வேலைக்குப் பேச்சு தேவையில்லை. கூட்டத்திலும் கதவோரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

புண்ணைக் காட்டப் போன அன்று மேடம் அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நைலான் நூலின் முனையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடும்போதெல்லாம் அவள் சொல்ல வேண்டும். கடைசியில் அவள், "இன்னும் ஆரம்பிக்கலையா மேடம்?" என்று கேட்டாள்.

மேடம் என்னைப் பார்த்தார்.

"தினமும் கட்டு மாத்தணும். வெறுங்கால்ல ஒரு அடிகூட வைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும் செருப்பு போடணும். புண்ணு ஆறலைன்னா காலையே எடுக்க வேண்டி வரும்மா."

எங்கள் வீடு ஒரே அறை. அடுப்பும் அதில்தான், பாயும் அதில்தான், சுவரில் அம்மன் படமும் அதில்தான். அம்மன் முன்னால் நிற்காமல் அங்கே ஒரு தட்டைக்கூட எடுக்க முடியாது. மெத்தென்ற செருப்பு ஒன்று வாங்கி, தெருவில் படாமல் கொண்டுவந்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி அவள் முன்னால் வைத்தேன்.

"மஞ்சத்தண்ணி ஊத்திட்டா அது செருப்பு இல்லைன்னு ஆயிடுமா? அம்மா மூஞ்சிக்கு நேரா செருப்போட நின்னு சோறு வடிக்கச் சொல்றியா?"

"டாக்டரம்மா சொல்லிட்டாங்களே."

"அவங்க வீட்ல சாமிக்குத் தனி ரூம் இருக்கும்யா."

புண் உள்ளே இறங்கிக்கொண்டே போனது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கட்டைப் பிரிப்பேன். வாடை வரும். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள், படத்தைக் கழற்றி எங்காவது கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன். நினைத்த உடனே அதே படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். எனக்கும் வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் மேடம், "வீட்ல எல்லாரும் செருப்பு போடறீங்கன்னு போன தடவை சொன்னீங்க. ரொம்ப சந்தோஷம். இன்னிக்கு உப்பைப் பத்திப் பேசலாம்" என்றார். நான் டீ கிளாஸைத் தரையில் வைத்தேன்.

"யாரும் போடறதில்ல மேடம்" என்றேன்.

எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது. சர்க்கரைக்கு மாத்திரை வாங்கும் பூக்கார அம்மாதான் முதலில் பேசினார். "அவரு சொல்றது நெசந்தாம்மா. நீங்க அவ்ளோ ஆசையா கேட்டீங்க. இல்லைன்னு சொன்னா உங்க மனசு நோவாதா?"

"அப்போ சும்மா தலையாட்டினீங்களா?" என்று ஆஷா அக்கா எழுந்தாள். "நான் வீட்டுக்கு வந்தப்போ கால்ல இருந்துச்சே!"

"நீ வர்றது தெரிஞ்சா மாட்டிக்கினு வாசல்ல உக்காந்துப்போம். உன் வீட்ல நீ போடறியாடி?" என்றார் பூக்கார அம்மா.

ஆஷா அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். சிரிப்பு அடங்க நேரமானது. மேடமும் கொஞ்சம் சிரித்தார். பிறகு, என் மனைவியின் கால் ஞாபகம் வந்தது போல, நிறுத்திக்கொண்டார்.

"சரி, என்னதான் பண்ணலாம், நீங்களே சொல்லுங்க" என்றார்.

காலுறை என்றார் ஒருவர். ஈரத் தரையில் வழுக்கும் என்றார் இன்னொருவர். துணியிலேயே தைத்தால் அதைச் செருப்பென்று சொல்ல மாட்டார்கள் என்றார் பூக்கார அம்மா. எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. அடியில் கெட்டியாக ஏதாவது வைக்க வேண்டும், மாதிரி ஒன்று செய்து பார்க்கலாம், அடுத்த மாதம் கொண்டுவருகிறேன் என்றார் மேடம். நல்ல யோசனைதான். வேறு யாராவது ஒருவரின் காலை அது காப்பாற்றும் என்று எனக்கே தோன்றியது. ஆனால் அன்று காலை நான் கட்டைப் பிரித்தபோது ஒரு விரல் கறுத்திருந்தது. அதற்கு அடுத்த மாதம் வரை பொறுமை இல்லை.

நேராக வீட்டுக்கு வந்தேன். தெருவில் நடந்த செருப்போடு உள்ளே போய் அம்மன் படத்துக்கு முன்னால் நின்றேன். பிறந்ததிலிருந்து நான் அப்படிச் செய்ததில்லை. கால் கூசியது.

"பாவம் எல்லாம் எனக்கு வரட்டும். இப்ப நீ போட்டுக்கோ" என்றேன்.

அவள் திட்டவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, நான் நின்ற இடத்தைக் குந்தி உட்கார்ந்து கழுவினாள். கட்டு நனைந்து தரையில் இழுபட்டது. "எழுந்திரு, எழுந்திரு" என்று கெஞ்சினேன். முழு இடத்தையும் துடைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுநாள் மேடம் கட்டைப் பிரித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். ஆட்டோவில் அவள் அந்த மெத்துச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலிலும் நீளமான தாழ்வாரத்திலும் அதோடுதான் நடந்தாள். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. வார்டுக்குள் நுழையும் இடத்தில் நின்றுவிட்டாள். நர்ஸ் மேசைக்கு மேலே மாலை போட்ட சாமி படம் மாட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் விட்டாள்.

தரையில் யாரோ கொட்டிய மருந்துத் தண்ணீர். ஒரு உடைந்த ஊசிக் குப்பி.

நாங்கள் தெருவில் கையைப் பிடித்துக்கொண்டுகூட நடந்ததில்லை. நான் குனிந்து அவளை இரண்டு கையிலும் தூக்கினேன். வார்டு முழுக்கப் பார்த்தது.

"யோவ், எறக்குய்யா, எல்லாரும் பாக்கறாங்க" என்று என் தோளில் அடித்தாள்.

இறக்கவில்லை. எந்தக் கட்டில் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. நடுவில் அப்படியே நின்றேன்.