அடையாற்றில் அக்காவுக்கு நான் பார்த்த வீடு

இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்காக ஊரை விட்டு வந்த அக்காவுக்கு, பையன்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே வீடு பிடித்துக் கொடுத்த அறிவாளி நான்தான். இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேர் பந்தியில் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை. அக்காவைப் பற்றி எழுத வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான்.

அக்கா கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். நேரில் நான் 'வா, போ' என்றுதான் பேசுவேன். அச்சில் ஏறும்போது மரியாதை தானாக வந்துவிடுகிறது. நான் தவழ்கிற வயதில் எங்கள் அம்மா இறந்துபோனதால், ஐந்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. தன் சிலேட்டை எடுத்து வைத்துவிட்டு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பின்னால் என்னைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினார். நான் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்தேன். அந்த பெஞ்சு எனக்குச் சரிப்படவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டு பெண்கள் பிறந்த பிறகு, அத்தான் சென்னைக்கு வந்து தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தார். கொஞ்ச நாளில் என்னையும் இழுத்துப் போட்டார். அவருக்கு மாடியில் பட்டுச்சேலை. எனக்குக் கீழே பள்ளிக்கூடத் துணி வெட்டுகிற மேஜை. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் இருவரும் படுத்துக்கொள்வோம். அக்காவும் பிள்ளைகளும் ஊரிலேயே இருந்தார்கள்.

ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மூத்தவள் எட்டை முடிக்கப் போகிறாள் என்றதும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். படித்தது போதும், வீட்டில் இருக்கட்டும், வயசு வந்ததும் கட்டிக்கொடுக்கத் தாய்மாமன் இருக்கிறானே என்றார்கள். அந்தத் தாய்மாமன் அடியேன். என்னையும் கேட்கவில்லை, அந்தப் பிள்ளையையும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளையைவிடக் கூடப் படித்த பெண்ணை அவனுக்குக் கொடுக்க மாட்டார்கள். நான் தேறியது எட்டு. அவள் ஒன்பதைத் தாண்டிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அக்கா இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நல்ல பொம்பளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்து வை, பள்ளி திறக்கும்போது வருகிறோம் என்று எனக்குக் கார்டு போட்டார். அறுபத்தொன்பதாம் வருஷக் கோடை அது.

அத்தானுக்கு இதில் இஷ்டமில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீயே பாரு என்று என் தலையில் கட்டிவிட்டார். முதலில் மயிலாப்பூரில் தேடினேன். ஒரு வீட்டு மாமி அன்பாகவே விசாரித்தார். "நீங்கள்ளாம் மீன் சாப்பிடுவேளோ?" இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாரத்தில் இரண்டு நாள்தான் என்று சொல்லிவைத்தேன். மாமி வாசல்வரை வந்து வழியனுப்பினார். தி. நகரில் அந்தக் கேள்வியெல்லாம் இல்லை. வாடகையைக் கேட்டுவிட்டு நானே வாசல்வரை வந்து என்னை வழியனுப்பிக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சற்று விலகி நிற்பது நல்லது. மே மாதத்தில் பள்ளிக்கூடத் துணி அள்ளிக்கொண்டு போகும். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அதிகம் துணி போகிறதோ அதுதானே நல்ல பள்ளிக்கூடம்? அந்த வருஷம் அடையாற்றிலிருந்து வந்த தாய்மார்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கருநீலத் துணியும் வெள்ளை பாப்ளினும் கேட்டார்கள். நன்றாகச் சொல்லித் தருகிறார்களா என்று கேட்டுக்கொண்டே வெட்டினேன். ஒருவர் விடாமல் புகழ்ந்தார்கள். கருநீலம் என்றால் பாவாடை என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். அதில் கால்சட்டையும் தைக்கலாம் என்பது, பொழுது முழுக்கத் துணி வெட்டுகிறவனுக்குத் தோன்றவில்லை.

அடையாறு அப்போது ஊருக்கு வெளியே என்கிற மாதிரிதான். பாலத்தைத் தாண்டினால் காற்று, காலி மனைகள், நடுநடுவே வீடுகள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. கேட்டில் பூட்டு, விசாரிக்க ஆளில்லை. எதிர்ச்சாரியில் ஒரு சின்ன வீடு காலியாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் இனித்தது. முன்பணம் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று கூப்பிட்டால் வகுப்பில் இருக்கிற பிள்ளைக்குக் கேட்கும் என்று அக்காவுக்கு எழுதினேன்.

பள்ளி திறந்த அன்று அக்கா இரண்டு பேருக்கும் தலை பின்னி ரிப்பன் கட்டி, சான்றிதழ்களை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். நான் பெருமையாக முன்னால் நடந்தேன். கேட் வழியாகக் கருநீலக் கால்சட்டைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. பாவாடை ஒன்றுகூட இல்லை. காவல்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா, பொண்ணுங்கள இட்டுக்கினு வந்துகிற? இது பசங்க ஸ்கூலுப்பா."

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெண்கள் படிக்கிற பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று அந்தக் காவல்காரரிடமே கேட்டுக்கொண்டு, அப்படியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. இடமில்லை என்றார்கள். அக்கா வராந்தாவில் உட்கார்ந்தார். மறுநாளும் போய் உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்தார். கடைசியில் தலைமையாசிரியை கூப்பிட்டு, அடையாற்றிலிருந்து இவ்வளவு தூரம் பெண்கள் எப்படித் தனியாக வருவார்கள் என்று கேட்டார்.

"தனியா வரமாட்டாகம்மா. நான் கொண்டாந்து விடுதேன்."

"தினமுமா?"

"ஸ்கூலு இருக்குத அன்னிக்கெல்லாம்."

மூத்தவளுக்கு ஒன்பதிலும் சின்னவளுக்கு ஆறிலும் இடம் கிடைத்தது. மயிலாப்பூரில் வீடு கிடைக்கவில்லை. தி. நகர் வாடகை அத்தான் சம்பளத்துக்குள் அடங்கவில்லை. அதனால் அக்கா சொன்னதைச் செய்தார். காலையில் பிள்ளைகளோடு அடையாற்றிலிருந்து மயிலாப்பூர். அங்கிருந்து அத்தானுக்கும் எனக்கும் சாப்பாட்டு அடுக்கோடு தி. நகர். மத்தியானம் முழுக்கக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து பட்டுச்சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவார். சாயங்காலம் மறுபடி மயிலாப்பூர். இருட்டுகிற நேரத்துக்கு அடையாறு, அப்புறம் அடுப்பு. வீட்டு வாசலில் அந்த நல்ல பள்ளிக்கூடம் மணி அடித்துக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்க அக்கா பழகிவிட்டார். சாயங்கால வண்டிக் கண்டக்டர், "யம்மா, ஸ்கூலு வந்துட்ச்சு" என்று எழுப்பி இறக்கிவிடுவாராம். கால் வீங்கும். உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருப்பார். மறுநாள் மறுபடி போவார்.

இதற்கிடையில் அத்தானின் அண்ணன் ஊரிலிருந்து கடைக்கு வந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று என் முதுகில் தட்டினார்.

"கெட்டிக்காரன்ல நீ. ஒத்த வீட்டப் பிடிச்சே காரியத்த முடிக்கப் பாத்திட்டியே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையில் இருந்த கத்திரி துணியில் கோணலாகப் போய்விட்டது. பெண் படிக்கக் கூடாது என்று நான் வேண்டுமென்றே அந்த வீட்டைப் பிடித்தேனாம். ஊரில் அப்படித்தான் பேச்சு. சிலர் என்னைப் பாராட்டினார்கள். அத்தான் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஆனால் மூத்தவள் காதிலும் அது விழுந்துவிட்டது. நான் வீட்டுக்குப் போனால் அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவாள். என்னுடைய வேடிக்கைக்கெல்லாம் முதலில் சிரிக்கிற பிள்ளை அவள். அக்கா மட்டும் நல்லதாகவும் ஒன்றும் சொல்லவில்லை, கெட்டதாகவும் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு அடுக்கில் எனக்கு வைக்கிற குழம்பு குறையவுமில்லை, கூடவுமில்லை.

மூத்தவள் ஒன்பதில் தேறினாள். ஊரில் பேச்சு ஓய்ந்தது. அன்று அவள் என்னிடம் வந்து, "மாமா, இனிமே நீங்க எனக்கு ஒரு கிளாஸ் கம்மி" என்றாள். தான் பெயிலானதற்கு எவனும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். அப்புறம் அவள் கல்லூரிக்குப் போனாள்; இப்போது பாங்கில் வேலை. சின்னவள் இந்த வருஷம் பட்டம் வாங்குகிறாள். எனக்கும் எட்டாம் வகுப்போடு நிறுத்திய ஒரு புண்ணியவதி கிடைத்தாள். சின்னவள் பள்ளியை முடிக்கிறவரை அக்கா அந்த முக்கோணத்தைச் சுற்றிக்கொண்டேதான் இருந்தார். சுற்றல் நின்ற பிறகும் களைப்பு நிற்கவில்லை. வெறும் அசதி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அசதியில்லை, புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது, அதற்கான ஆஸ்பத்திரி அடையாற்று வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் வீடு பார்த்துக் கொடுத்தவனும் நான்தான்.

அக்காவின் பாதையில் கை கொடுத்தவர்களுக்கு இந்த முதல் வருஷ நினைவு நாளில் எங்கள் குடும்பம் தலை வணங்குகிறது. வராந்தாவில் உட்கார்ந்தவரை எழுப்பிவிடாமல் உள்ளே கூப்பிட்ட தலைமையாசிரியை அம்மா, பெயர் தெரியாத அந்தக் கண்டக்டர் அண்ணன், பின்னறையில் அக்காவுக்கு இடம் விட்ட கடை முதலாளி, கடைசி மாதங்களில் கஞ்சி கொண்டுவந்த அடையாற்று வீட்டுக்காரம்மா, ராத்திரியும் பகலும் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்கள். இவர்களுக்குத் திருப்பிச் செய்ய எங்களிடம் ஒன்றுமில்லை. இதைப் படித்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு வேளை சாப்பிட வாருங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சாயங்காலம். மூத்தவள் பாங்கிலிருந்து நேராக வந்து, அக்காவுக்குத் தலை வாரிவிட்டு, மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அக்கா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்ற தைரியத்தில், அத்தனை வருஷமாகக் கேட்க முடியாததைக் கேட்டேன்.

"அக்கா, அந்த வீட்ட நான் வேணும்னே பிடிச்சேன்னு நீயும் நெனச்சியா?"

அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"அம்புட்டுப் புத்தி ஒனக்கு ஏதுல."