கழிவுநீர்ப் பஞ்சத்தில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி

1. மூன்று கண்டிஷன்

என் வேலையைப் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் பேசக் கூடாது என்று எங்கள் சாந்தோம் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். பெயர் பிலோமினா. எஸ்.டி.பி. என்று சொல்லப்படும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டுப் படிக்கவும்.

கடைசியாக வேலை பார்த்தது திருவான்மியூர் கடற்கரையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். முதல் நாள் அசோசியேஷன் செக்ரட்டரி வரதராஜன் என்னை பேஸ்மென்ட்டுக்கு அழைத்துப் போனார். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் அவருக்கு நெஞ்சு வலிக்கும்.

"மூணே கண்டிஷன் மேடம். சத்தம் வரப்படாது, வாசனை வரப்படாது, கரண்ட் பில் ஏறப்படாது."

"கழிவுநீர் வரலாமா சார்?"

"அது தாராளமா வரட்டும்."

மூலையில் சிவப்புச் சக்கரம் வைத்த ஒரு வால்வைக் காட்டினார். "இது பைபாஸ். பிளான்ட் மக்கர் பண்ணித்துன்னா தொறந்துடுவோம். மழைநீர் வடிகால்ல போய் நேரா கடல்ல சேர்ந்துடும். கடல் பெரிசு."

பக்கத்தில் பம்ப்பைத் துடைத்துக்கொண்டிருந்த ஃபிட்டர் ஏழுமலை நிமிர்ந்தார். பக்கத்துக் குப்பத்துக்காரர். அவருடைய அண்ணன் அந்த வடிகால் முடிகிற இடத்தில்தான் வலை போடுகிறார்.

"கடல் பெர்சுதான் சார். எங்கண்ணன் வலை சிறுசு. போன தபா நீங்க பைபாஸ் தொறந்தப்ப வலைல இன்னா வந்துச்சு தெரியுமா? பாப்பா டயப்பரு. பத்து. மீனு ஒண்ணு கூட இல்ல."

செக்ரட்டரிக்கு அவசரமாக ஃபோன் வந்துவிட்டது. மணி அடித்த மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

2. பசங்களுக்கு மூச்சு நின்றது

எங்கள் தொட்டியில் வேலை செய்வது நாங்கள் இல்லை, பாக்டீரியா. நாம் அனுப்புகிற அசுத்தத்தைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். அதற்குக் காற்று வேண்டும், சாப்பாடு வேண்டும். காற்றை ப்ளோயர் மெஷின் கொடுக்கும், சாப்பாட்டைக் குடியிருப்பவர்கள் கொடுப்பார்கள். தினமும் காலையில் ஒரு லிட்டர் கண்ணாடி அளவுச் சிலிண்டரில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைப்போம். பழுப்பு நிறச் சேறு முந்நூறு மில்லி அளவுக்கு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் எல்லாம் சௌக்கியம். ஏழுமலை அந்தப் பாக்டீரியாக்களைப் "பசங்க" என்றுதான் சொல்வார்.

மே மாதம் வந்தது. பாதிக் கட்டடம் ஊட்டிக்கும் மீதி அமெரிக்காவுக்கும் போய்விட்டது. கழிவுநீர் வரத்து சொட்டு சொட்டாகக் குறைந்தது. ஒரு சனிக்கிழமை நாங்கள் வீட்டுக்குப் போனதும் செக்ரட்டரி கீழே வந்து ப்ளோயரை நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை தொட்டி கறுத்து நாறியது. சிலிண்டரில் எண்பது மில்லிகூடத் தேறவில்லை.

"பசங்களுக்கு மூச்சு நின்னு போச்சு மேடம்," என்றார் ஏழுமலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபமும் வந்தது. நேராக மாடிக்குப் போனேன்.

"ஆத்துல ஒருத்தருமே இல்லையே மேடம்! ஆள் இல்லாத எடத்துல ஃபேன் எதுக்கு?"

"ஆள் இருக்காங்க சார். கோடிக்கணக்குல இருந்தாங்க."

அவர் ஒரு கடிதத்தை நீட்டினார். அடுத்த வாரம் வியாழக்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சுத்திகரித்த தண்ணீரில் சாம்பிள் எடுக்க வருகிறார்கள். தேறாவிட்டால் பிளான்ட்டை இழுத்து மூடிவிட்டு நிரந்தரமாக பைபாஸில் விட்டுவிடலாம் என்று கமிட்டி ஏற்கெனவே பேசி வைத்திருந்தது. என் வேலை போனால் போகட்டும். ஏழுமலையின் அண்ணனுக்குத் தினமும் டயப்பர்தான்.

3. ஏலக்காய் போட்ட வெல்லம்

ப்ளோயரை ஓட்டினோம். மாடு வைத்திருப்பவரிடம் சாணி வாங்கிக் கரைத்து ஊற்றினோம். சாணியில் புதுப் பசங்க வருவார்கள்; அவர்களுக்குச் சாப்பாடாக அடுத்தது வெல்லம். தொழிலில் இது சகஜமான வைத்தியம்.

செக்ரட்டரி திகைத்தார். "அச்சு வெல்லமா, உருண்டை வெல்லமா? அதுகளுக்கு ஷுகர் வந்துடாதோ?"

அவர் மனைவி ஜெயந்தி மாமி மறுநாள் ஒரு தூக்கில் வெல்லப்பாகோடு இறங்கி வந்தார். ஏலக்காய் வாசனை தூக்கியது. "வெறும் வெல்லத்தை எப்படிம்மா குடிக்கும், பாவம்."

பசங்க கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் வெல்லத்தில் எத்தனை நாள் ஓட்ட முடியும்? "நெஜமான சரக்கு வேணும் சார். மனுஷங்க வேணும்," என்றேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரிக்கு சஷ்டியப்தபூர்த்தி. மயிலாப்பூரில் மண்டபம் பிடித்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முடிவெடுத்துவிட்டார். "அங்க கார் நிறுத்த எடமே இல்ல. இங்க நம்ம ஹால்லயே வெச்சுக்கலாம்ன்னா."

4. வாங்கோ, கூச்சப்படாதேங்கோ

ஞாயிறு காலை முந்நூறு பேர் வந்தார்கள், டிபன் சாப்பிட்டார்கள், அட்சதை போட்டார்கள். பேஸ்மென்ட்டில் ஃப்ளோ மீட்டர் அசையவே இல்லை. நான் ஒன்றை மறந்திருந்தேன். நம் ஊரில் பட்டுப்புடவை கட்டி விசேஷத்துக்கு வந்தவர்கள் பாத்ரூம் போக மாட்டார்கள். என்ன ஆனாலும் வீடு போய்ச் சேரும் வரை தாங்குவார்கள்.

மாமியிடம் சொன்னேன். நீர்மோர் இரண்டு சுற்று, தர்பூசணி ஜூஸ் இரண்டு சுற்று வந்தது. பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று மைக்கில் அறிவிப்பும் வந்தது. வாசலில் இருந்த வரவேற்பு மேஜை சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்போடு பாத்ரூம் வாசலுக்கு இடம் மாறியது. ஏழுமலை பன்னீர் தெளிக்க, மாலையும் கழுத்துமாக வரதராஜன் கை கூப்பி நின்றார்.

"வாங்கோ, வாங்கோ. கூச்சப்படாதேங்கோ. நம்மாத்து மாதிரி நெனச்சுக்கோங்கோ."

மயிலாப்பூர் அத்திம்பேர் ஒருவர் வெளியே வந்து சொன்னார்: "எத்தனையோ அறுபதாம் கல்யாணம் பார்த்துட்டேன் வரதா. இப்படி ஒரு உபசாரத்தைப் பார்த்ததில்ல."

மீட்டர் ஓட ஆரம்பித்தது. நான் கீழே ஓடினேன். சேகரிப்புத் தொட்டியில் மூக்கைச் சுருக்க வைக்கும் ஒரு நெடி. அமிலம் பார்க்கும் பி.எச். பேப்பரை முக்கினால் செக்கச் சிவந்தது. பம்ப்பை நிறுத்திவிட்டுக் கத்தினேன். செக்ரட்டரி மாலையோடு வந்து நின்றார்.

"கெஸ்ட் வரப்போறான்னு நான்தான் ஆசிட் ஊத்தி அலம்பச் சொன்னேன். எல்லா டாய்லெட்டும். பளபளன்னு இருக்கணுமேன்னு..." அவர் குரல் இறங்கிவிட்டது. "கெடுத்துட்டேனா மேடம்?"

அந்த ஆசிட் பெரிய தொட்டிக்குப் போயிருந்தால் மிச்சம் இருந்த பசங்களும் காலி. அதைச் சரிக்கட்டச் சுண்ணாம்பு வேண்டும். மாமி தாம்பூலத் தட்டிலிருந்த சுண்ணாம்பு டப்பாவை நீட்டினார், "இது போறுமா?" என்று. ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். "சைக்கிள்ல போய்க்கினே இருக்கேன் மேடம், நீ பம்ப்ப தொடாத!" அரை மூட்டை கிளிஞ்சல் சுண்ணாம்போடு திரும்பினார். வரதராஜன் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் கரைத்துக் கொடுத்தார். சாயங்காலம் நாலு மணிக்குப் பேப்பர் பச்சையானது, ஆசிட் அடங்கிவிட்டது. பம்ப்பைப் போட்டேன்.

5. சக்கரம் எங்கே போனது

வியாழக்கிழமை சிலிண்டரில் இருநூற்றைம்பது மில்லி, மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர். அதிகாரி பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "இதுல மீன் வளர்க்கலாம் போலிருக்கே," என்றார். ரிப்போர்ட்டும் அதையேதான் சொன்னது.

அன்று மாலையே செக்ரட்டரி பைபாஸ் குழாயை வெல்டிங் வைத்து அடைக்கச் சொன்னார். சிவப்புச் சக்கரத்தைக் கழற்றி ஏழுமலை கையில் கொடுத்தார். "உங்க அண்ணாவுக்கு ஏதாவது உபயோகப்படுமா பார்." அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏப்ரலிலும் நோட்டீஸ் போர்டில் அவர் கையெழுத்துதான்: வெளியூர் போகிறவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும், உறவினர்களை வரவழைத்தால் உத்தமம்.

போன மாதம் குப்பத்துக்குப் போயிருந்தேன். அந்தச் சக்கரம் ஏழுமலையின் அண்ணன் படகில் கயிறு கட்டி நங்கூரமாக இருக்கிறது. எனக்குச் சங்கரா மீன் நாலு கொடுத்தார். அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

"டயப்பர் வருதாப்பா?"

"வருது மேடம். ஆனா உங்க பில்டிங்குது இல்ல. பக்கத்து பில்டிங்குது."

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். மெஷினை யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். மாடியில் இருப்பவர்களைக் கீழே இறக்கித் தொட்டியைப் பார்க்க வைப்பதுதான் ஆபரேட்டரின் வேலை. அதற்கு வெல்லமும் வேண்டும், விசேஷமும் வேண்டும்.

மறுநாள் காலையே அந்தப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனேன். செக்ரட்டரி வெளியே போயிருந்தார். வாட்ச்மேனிடம் அவர் வயது என்ன என்று மட்டும் விசாரித்தேன்.

ஐம்பத்தொன்பது ஆகிறதாம்.