பெட்டியோடு என் எடை

பங்சாரில் பக்கத்து வீட்டு இரும்புக் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கிறார்கள். நாளை வெளிநாட்டு விடுதிப் பள்ளிக்குப் புறப்படும் மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்க, அந்த வாசனை என்னை நான் வளர்ந்த மேரு பட்டணத்துக்கு இழுத்துப் போனது.

அங்கேதான் அப்பாவின் லோரி கம்பெனி. பன்னிரண்டு வயதில் எனக்கு மலைமேல் விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்தது. கால் தரையில் பாவவில்லை. என் தகரப் பெட்டியில் பெயர் எழுத, லோரிக்கு எழுதும் பெயிண்டரிடம் கொடுத்தார் அப்பா. பெயிண்டரோ லோரிக் கதவில் எழுதுவது போலவே கம்பெனி பெயர், போன் நம்பர், காலி எடை எல்லாவற்றையும் பச்சையில் எழுதிவிட்டார்!

"பாஸ், பாரத்தோட எடை எவ்ளோன்னு போடறது?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. சரக்குத் தராசில் பெட்டியோடு என்னையும் ஏற்றினார். நான் குதிக்க, முள்ளும் குதித்தது.

"ஆடாம நில்லு லா. லீவுக்கு வர்றப்ப மறுபடி நிறுப்பேன். ஒரு கிலோ கொறஞ்சாலும் திருப்பி அனுப்ப மாட்டேன்."

அந்தப் பெட்டியைப் பார்த்து விடுதியே சிரித்தது. நானோ தினமும் இரண்டாவது தட்டுச் சோறு கேட்டு வாங்கினேன்.

"அம்மா, கரெக்டா இருபத்து மூணு கிலோ!" தராசில் பெட்டியை வைத்து மகள் கத்துகிறாள்.

"எறக்காத. நீயும் ஏறு."