இரண்டு கோயிலில் கேட்ட பூ

போன வருடம் ஆனி மாதக் கடைசியில் நடந்தது இது. நாங்கள் கோவை கணபதியில் குடியிருக்கிறோம். பக்கத்தில் ஒரு பம்பு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலை எனக்கு. படித்தது எட்டாவதுதான். ஆனாலும் பல வருடமாக ஒரே மேசையில் உட்கார்ந்து நல்ல பேர் வாங்கியிருந்தேன். எல்லாவற்றையும் விட, அங்கே ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதி உண்டு. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அடைப்பு வந்தபோது அதில்தான் வைத்தியம் பார்த்தோம். மாத்திரையும் அங்கேதான் வாங்கினோம்.

எங்கள் வீதியில் படுக்கையில் கிடந்த ஒரு அம்மாவுக்குச் சாயங்காலம் போய்த் துணையாக இருப்பேன். அதைப் பார்த்த அவருடைய உறவுக்காரப் பெண், மேட்டுப்பாளையம் போகிற வழியில் வயதானவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் மேனேஜர். பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார். பயிற்சியும் அவர்களே கொடுப்பார்களாம். சம்பளம் கூடுதல், ராத்திரி டூட்டியும் உண்டு. ஆனால் சம்பளம் வரம்பைத் தாண்டிவிடுவதால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஆடி பிறந்துவிட்டால் நாங்கள் புதிதாக எதையும் தொடங்க மாட்டோம். அதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

போக எனக்கு ஆசைதான். ஆசையை விடப் பயம் பெரிதாக இருந்தது. காயில் சுற்றும்போது எண்ணிக்கை தவறியது, சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரரைக் கேட்டால், "உன்ற இஷ்டம் அம்மணி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கடைசியில் அம்மனிடமே கேட்டுவிடலாம் என்று வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, சன்னதியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். சிவப்பு.

அழுகை வந்தது. அம்மன் சொன்ன பிறகு என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "நான் போகலீங்க" என்றேன்.

"அதெப்படிப் போகாம இருப்பே? போய்த்தான் ஆகோணும்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. "ஏனுங்க, நேத்து வரைக்கும் உன்ற இஷ்டம்னு சொல்லிப்போட்டு இப்ப வெரட்டறீங்களே?"

"நான் வெரட்டல. முருகன் சொல்லிப்போட்டான். காலைல கோயில்ல பூப்போட்டுக் கேட்டேன். வெள்ளை வந்துது."

"எனக்கு மாரியம்மன் சிவப்பைக் குடுத்திருக்காளுங்க!"

அவர், "சரி, அவங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். நீ சோத்தைப் போடு" என்றார். பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தேன்.

சாப்பிடும்போது கேட்டேன், "எந்தப் பூ வரோணும்னு நீங்க வேண்டுனீங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "சிவப்புதான் அம்மணி. நீ அங்க ராத்திரி டூட்டில இருக்கறப்ப எனக்கு மறுபடி வலி வந்தா, யாரைக் கூப்புடுவேன்?" அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. நானும் என் ஆசையைச் சொன்னேன். படுத்திருக்கும் ஒருவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது கிடைக்கிற நிம்மதி இந்த மேசையில் எனக்குக் கிடைப்பதில்லை என்றேன். "இத்தன நாளும் இதை ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

மறுநாள் இருவருமாக அந்தக் குடியிருப்புக்குப் போனோம். அவரே மேனேஜரிடம் பேசினார். இப்போதைக்குப் பகல் வேலை மட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். குடும்பத்துக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் போடுவோம், அதற்குச் சில மாதம் ஆகும் என்றார்கள். கம்பெனியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஆடி பிறப்பதற்குள் சேர்ந்தேன். இன்சூரன்ஸ் வரும்வரை, பஸ்ஸில் போன் அடித்தாலே உயிர் போய் உயிர் வரும்.

இப்போதும் அவர் படியேறி லேசாக மூச்சு வாங்கினால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் அன்று இரண்டு சாமியும் ஒரே பூவைக் கொடுத்திருந்தால், அவர் பயத்தை நானும் என் ஆசையை அவரும் கடைசிவரை தெரிந்துகொள்ளாமலே இருந்திருப்போம் என்று நினைக்கும்போது, அந்த இரண்டு சன்னதிக்கும் சேர்த்தே கை கூப்பத் தோன்றுகிறது.