அவர் பெயருக்கு வந்த மின்னஞ்சல்கள்

என் கணவர் சிவகாசி அச்சகங்களுக்குப் பட்டாசுப் பெட்டி லேபிள் வடிவமைத்துக் கொடுத்துவந்தார். விருதுநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தே பாதி வேலையை முடித்துவிடுவார். செய்த லேபிள்களைப் பார்வைக்கு வைக்க ஒரு இணையதளம் நடத்தினார். அதற்குத் தன் பெயரையே வைத்ததில் அவருக்குச் சின்னப் பெருமை.

மாரடைப்பில் அவர் போன பிறகு கொஞ்ச நாள் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அப்புறம் ஒருவருமில்லை. வெளிநாட்டிலிருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மற்ற நாட்களில் என் குரல் எனக்கே கேட்பதில்லை. தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு அவருடைய மெயிலைப் பார்ப்பேன். ஆர்டர் கேட்டு எழுதுகிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டுமே என்று தொடங்கிய பழக்கம் அது. எழுதுகிறவர்கள் குறைந்துபோனார்கள். நான் திறந்து பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

அப்படி ஒரு காலையில் அந்த மெயில் வந்திருந்தது. ‘அன்புள்ள’ என்று தொடங்கி அவருடைய முழுப் பெயர். இணையதளப் பெயரின் கெடு முடிகிறது, இதுவே கடைசி அறிவிப்பு, உடனே பணம் கட்டாவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. தேதி சிவப்பில். எங்கள் வீட்டு முகவரிகூடச் சரியாக இருந்தது.

நீக்கப்படும் என்ற சொல் என்னை உலுக்கிவிட்டது. ரேஷன் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் அவர் பெயரை நானே நின்று எடுத்துவிட்டு வந்தவள். மிச்சமிருந்த ஒரே இடம் இதுதான். யோசிக்காமல் பணம் கட்டும் பொத்தானை அழுத்தினேன். கார்டு எண்ணைக் கேட்டு ஒரு பக்கம் திறந்தது. பாதி எண்ணை அடித்தபின் கண்ணாடி நழுவியது. அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் கீழே பொடி எழுத்து தெரிந்தது. இணையத் தேடலில் தளத்தைப் பதிவு செய்யும் சேவைக்கான கட்டணமாம் அது. பெயரைப் புதுப்பிப்பது பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை.

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் அவருடைய நண்பரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் கேட்டது ஒன்றுதான்.

“பணம் கட்டிட்டீகளா மதினி?”

இல்லை என்றேன்.

“அப்ப அதை மூடிருங்க. எனக்கும் இதே மாதிரி வந்துச்சு. அந்த மெயில்ல இருக்க நம்பருக்குப் போன் போடாதீக. அண்ணன் எந்தக் கம்பெனில பேரை வாங்குனாகளோ, அங்கன நீங்களாப் போய்க் கேளுங்க.”

எந்தக் கம்பெனி என்று எனக்குத் தெரியாது. வங்கிக் கணக்கைத் திறந்து, போன வருடம் யாருக்குப் பணம் போயிருக்கிறது என்று தேடினேன். மெயில் அனுப்பியவர்களின் பெயர் அங்கே எங்குமே இல்லை. இணையதளப் பெயருக்காகப் பணம் போயிருந்த கம்பெனியின் இணைய முகவரியை நானே தட்டி, அவர்களுடைய தளத்தில் கொடுத்திருந்த எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தாள். கெடு முடிய இன்னும் நிறைய நாள் இருக்கிறது, அந்த மெயில் தங்களுடையது இல்லை என்றாள். உரிமையாளரின் பெயரும் முகவரியும் வெளியில் தெரிவதால்தான் இப்படி எழுதுகிறார்கள், மறைத்துவிடலாம் என்றாள்.

“உரிமையாளர் பேசுறாங்களா மேடம்?”

“அவரு இல்லம்மா. நான் அவரு மனைவி.”

அவள், இறப்புச் சான்றிதழ் அனுப்பினால் உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறோம் என்றாள். அனுப்பினேன். மாறியது. முகவரியையும் வெளியில் தெரியாமல் மறைத்துக் கொடுத்தார்கள்.

அதன்பின் அந்த மாதிரி மெயில்கள் மெல்லக் குறைந்தன. இடையில் ஒன்று, வெளிநாட்டில் யாரோ இதே பெயரைப் பதிவு செய்யப் பார்க்கிறார்கள், முந்திக்கொள்ளுங்கள் என்று அவசரப்படுத்தியது. பதில் எழுதாமல் அழித்தேன். பிறகு அதுவும் இல்லை. இதில் நிம்மதிப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் காலையில் பெட்டியைத் திறந்தால் அவரை அன்புள்ள என்று கூப்பிட ஒருவரும் இல்லை. ஏமாற்ற வந்தவர்கள்தான் கடைசிவரை அவர் உயிரோடிருப்பதாக நினைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பட்டாசு சீசன் தொடங்கியபோது தாயில்பட்டிப் பட்டாசு ஆலையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். மயில் போட்ட பழைய லேபிள் ஒன்று மறுபடி வேண்டுமாம். இதுவும் வலையோ என்று இரண்டு நாள் தொடவில்லை. பிறகு அச்சக நண்பரிடம் விசாரித்தேன். தெரிந்த ஆள்தான் என்று அவரே நம்பர் கொடுத்தார். அழைத்தேன்.

“அண்ணாச்சி நல்லா இருக்காகளா?” என்று கேட்டார் அந்த மனிதர்.

சொன்னேன்.  “தெரியாமப் போச்சே தாயி” என்றார். அந்த லேபிளுக்காகத் தானும் என் கணவரும் ஒரு மத்தியானம் முழுக்க மயிலின் நீலத்தைப் பற்றிச் சண்டை போட்டதைச் சொல்லத் தொடங்கினார். எனக்கு அது புதிய செய்தி. போனை வைத்துவிடுவாரோ என்று பயந்து, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.